கார் றிமோட் செத்துப்போச்சா? கொழும்புக்கு வெளிக்கிட முதல் பார்க்க வேண்டியவை

கேள்வி, மாங்குளத்திலிருந்து
2025 ஆகஸ்ட் 9, மாலை 6.40

என்னுடையது 2012 டொயோட்டா அக்வா. ஒரு கிழமையாக ஸ்மார்ட் கீ வேலை செய்யவில்லை. கைபிடியில் கை வைத்தாலும் கதவு திறக்காது, சாவியில் பட்டனை அமத்தினாலும் திறக்காது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன், அப்பவும் அப்படியே. போன் கமராவுக்கு முன்னால் பிடித்து அமத்திப் பார்த்தேன், ஒரு வெளிச்சமும் வரவில்லை. தெரிந்த ஒருவர் காரின் கொம்பியூட்டர் போய்விட்டது, கொழும்புக்குக் கொண்டு போ என்கிறார். இன்னொருவர் சாவி செத்துவிட்டது, புதுச் சாவி செய் என்கிறார். எது சரி?

ஆகஸ்ட் 9, இரவு 9.15

இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கோ. கார் ஸ்ரார்ட் ஆகிறதா? அதைத்தான் நீங்கள் எழுதவில்லை.

ஸ்மார்ட் கீக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை இழுத்து எடுத்து ஓட்டுநர் கதவைத் திறவுங்கோ. பிரேக்கை மிதித்தபடி, சாவியில் டொயோட்டா சின்னம் இருக்கிற பக்கத்தை பவர் பட்டனில் ஒட்டிப் பிடியுங்கோ. 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். வந்த உடனே பட்டனை அமத்துங்கோ. கார் றெடி ஆனால், அதாவது டாஷ்போர்டில் READY என்று எரிந்தால், கொம்பியூட்டரும் நல்லது, சாவிக்குள் இருக்கும் சிப்பும் நல்லது. பிறகு கொழும்புக் கதைக்கே இடமில்லை.

காரணம் இதுதான். ஒரே சாவிக்குள் மூன்று வேலை நடக்கிறது. முதலாவது, களவு போகாமல் காக்கும் சிப். அதற்குப் பற்றரி தேவையில்லை. பவர் பட்டனுக்குள் இருக்கும் சுருளில் இருந்தே அதற்குச் சக்தி கிடைக்கும், அதனால்தான் ஒட்டிப் பிடிக்கச் சொல்கிறேன். இரண்டாவது, பட்டனை அமத்தினால் சாவி றேடியோ அலையில் காருக்கு ஒரு சங்கேதம் அனுப்பும். இதற்குப் பற்றரி வேண்டும். மூன்றாவது, நீங்கள் கைபிடியைத் தொடும்போது கார் தானே தாழ்ந்த அலைவரிசையில் சாவியைக் கூப்பிடும், சாவி உயர்ந்த அலைவரிசையில் பதில் சொல்லும். இதற்கும் பற்றரி வேண்டும். மூன்றில் எது நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் சாவி மாற்றுவது வீண் செலவு.

கிளிநொச்சியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன், அதற்கு முதல் நெடுங்காலம் றேடியோ வேலை. கார் சாவியோடு வருகிற ஆட்கள் இப்போது கூடிவிட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே ஓடின கார்களுக்கெல்லாம் வயது ஏறியது, சாவிகளுக்கும் ஏறியது.

ஆகஸ்ட் 10, காலை 7.05

போன் கமரா விசயம் நேற்று விடுபட்டது. அந்தச் சோதனை ரீவி றிமோட்டுக்கு. அதில் வருவது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். உங்கள் கார்ச் சாவியில் வருவது றேடியோ அலை. எந்தக் கமராவிலும் தெரியாது. வெளிச்சம் வரவில்லை என்பதை வைத்துச் சாவி செத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சாவியில் இருக்கும் குட்டிச் சிவப்பு லைற்றைப் பாருங்கோ. அமத்தும்போது மினுக்குகிறதா?

ஆகஸ்ட் 10, இரவு 8.50

கார் றெடி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல செய்தி. லைற் சில வேளை மங்கலாக மினுக்குகிறது, சில வேளை இல்லை, சாவியை இறுக்கிப் பிடித்தால் வருகிறது என்கிறீர்கள். நீங்கள் வாங்கிய பற்றரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கோ. எண்ணை அப்படியே எழுதுங்கோ.

ஆகஸ்ட் 12, இரவு 10.30

சி.ஆர். 1620. அதுதான் கோளாறு.

இந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அகலம், மில்லிமீற்றரில். கடைசி இரண்டு தடிப்பு, மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கில். 1620 என்றால் 16 மி.மீ. அகலம், 2.0 மி.மீ. தடிப்பு. உங்கள் அக்வா சாவிக்குப் போட வேண்டியது 1632, தடிப்பு 3.2 மி.மீ. அகலம் ஒன்று என்பதால் குழிக்குள் வடிவாக இருக்கும், ஆனால் மேல் தகடு சரியாகத் தொடாது. இறுக்கிப் பிடித்தால் தொடும். கடைக்காரரிடம் 1632 இல்லை, இருந்ததைத் தந்திருக்கிறார். சில பேர் இடைவெளிக்குச் சிகரெட் பெட்டி ஈயத்தாளை மடித்து வைப்பார்கள். அது நகர்ந்தால் இரண்டு முனையையும் முட்டவைத்து விடும், செய்யவேண்டாம்.

வன்னியில் 2032 எங்கேயும் கிடைக்கும். தராசு, மணிக்கூடு, வேகன்ஆர் சாவி எல்லாவற்றுக்கும் அதுதான். 1632 கொஞ்சம் அருமை. வவுனியாவில் கமரா, மணிக்கூட்டுக் கடைகளில் கேளுங்கோ. அட்டையில் மூடி ஒட்டியபடி இருப்பதை வாங்குங்கோ, கண்ணாடிப் பெட்டிக்குள் சில்லறையாகக் குவிந்து கிடப்பதை வேண்டாம். ஒன்றோடொன்று முட்டியே அவை இறங்கியிருக்கும்.

மீற்றர் வைத்துப் பார்ப்பவர்களுக்கு: புதுசு 3.2 வோல்ட் அளவில் காட்டும். பழசும் சும்மா இருக்கும்போது 2.9 காட்டி ஏமாற்றும். சாவி அலை அனுப்பும் நொடியில் மின்னோட்டம் கூட இழுபடும், அப்போது கிழட்டுப் பற்றரி சரிந்துவிடும். அதனால் பட்டனை அமத்திப் பிடித்தபடி அளவு பாருங்கோ. அமத்தும்போது 2.5க்குக் கீழே போனால் மாற்ற வேண்டியதுதான்.

நாணயப் பற்றரியில் றீசார்ஜ் பண்ணுவது என்று எல்.ஐ.ஆர். என்ற எழுத்தோடு வருவதைப் போடவேண்டாம். அது முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், இந்தச் சாவி 3 வோல்டுக்குச் செய்தது.

இதோடு ஒன்று. என்னிடம் வருகிற வயதானவர்களில் பலர் பழைய பற்றரியை வெயிலில் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1990களில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை. ஒரு சோடி ரோர்ச் பற்றரி வீட்டில் இருந்தால் அது சொத்து. தீர்ந்ததை எறிய மாட்டோம், வெயிலில் காயவைத்து, இன்னும் அரை மணித்தியாலம் செய்தி கேட்போம். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்து, ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோவில் றேடியோ பாடும். நான் றேடியோ திருத்தப் பழகியதே அப்படி ஒரு முற்றத்தில்தான். அந்தப் பற்றரி நாக-கரி வகை, சூடாக்கினால் உள்ளே வேதிமாற்றம் கொஞ்சம் வேகப்படும், கொஞ்ச நேரம் உயிர் வரும். இது லிதியம். வெயிலில் வைத்தால் உள்ள சக்தியும் குறையும், ஒழுகவும் கூடும். அந்த நாளில் நாங்கள் செய்தது சரியான வேலை. இந்தப் பற்றரிக்கு அது பொருந்தாது.

ஆகஸ்ட் 13, காலை 6.20

இதை நேற்றே எழுதியிருக்க வேணும், நித்திரை வந்துவிட்டது. கழற்றிய நாணயப் பற்றரியைப் பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டி, 2 மணித்தியாலத்துக்குள் உட்சதை எரிந்து புண்ணாகும். 'தீர்ந்த' பற்றரியும் அதைச் செய்யும், காரை எழுப்பச் சக்தி இல்லாததிலும் சதையை எரிக்கச் சக்தி இருக்கிறது. சின்னப்பிள்ளை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேரே ஆஸ்பத்திரி. வெளியே வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டு பக்கமும் செலோ ரேப் ஒட்டி ஒரு போத்தலுக்குள் போட்டு மூடி வையுங்கோ.

ஆகஸ்ட் 17, மாலை 5.10

பரந்தனிலிருந்து ஒரு அண்ணை: வேகன்ஆர், றிமோட்டில் திறக்கும், பூட்டாது.

அண்ணை, திறக்கிறது என்றால் சாவி நல்லது, பற்றரி நல்லது, அலை போய்ச் சேருகிறது. பூட்டாதது கார் வேண்டுமென்றே செய்வது. ஏதோ ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அது நம்புகிறது. கதவு விளிம்பில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், மூடும்போது உள்ளே அமரும். சோளகம் வீசத் தொடங்கினால் எங்கள் கிரவல் ஒழுங்கைகளில் வரும் செம்மண் தூள் அதற்குள் போய்விடும். றப்பர் மூடி கிழிந்திருந்தால் இன்னும் மோசம். எல்லாக் கதவையும் மூடிவிட்டு உள்ளே இருந்து பாருங்கோ, டாஷ்போர்டில் கதவுச் சின்னம் எரிகிறதா, மேல் லைற் அணைகிறதா. ஒவ்வொரு சுவிட்சாக விரலால் அமத்தினால் எது என்று பிடிபடும். பின் டிக்கிக் கதவை மறக்க வேண்டாம், கூடுதலாக அதுதான்.

துடைத்துவிட்டு, மின் தொடுமுனைகளைச் சுத்தமாக்கும் கொன்ராக்ட் கிளீனர் கொஞ்சம் அடியுங்கோ. கிறீஸ் பூசினால் தூள் இன்னும் ஒட்டும்.

ஆகஸ்ட் 17, மாலை 5.40

மேலே மேல் லைற் பற்றி எழுதியபோது நினைவு வந்தது. மேல் லைற்றும் எரியாமல் றிமோட்டும் ஒரே நாளில் நின்றிருந்தால் பியூஸ். பல கார்களில் இரண்டும் ஒரே பியூசில். மேல் லைற்றுக்கு எல்.ஈ.டி. மாற்றும்போது சோட் ஆகி எரிந்திருக்கும். பியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் படம் இருக்கும், அதே எண் அம்பியரில் போடுங்கோ.

ஆகஸ்ட் 21, இரவு 9.00

மாங்குளத்து அக்வாவுக்கு 1632 கிடைத்துவிட்டதாம். பட்டன் வேலை செய்கிறது, தூரத்திலிருந்தே திறக்கிறது. ஆனால் கைபிடியில் கை வைத்தால் வீட்டில் திறப்பதில்லை, கிளிநொச்சிச் சந்தைக்குப் போனால் திறக்கிறது. இது எனக்குப் பிடித்த வகைக் கேள்வி.

12 வோல்ட் பற்றரியை முதலில் பாருங்கோ. ஹைபிரிட் என்றாலும் கதவு, சாவி, கொம்பியூட்டர் எல்லாம் அந்தச் சின்னப் பற்றரியில்தான். அக்வாவில் அது பின் சீற்றுக்குக் கீழே. கார் ஒரு இரவு நின்ற பிறகு, கதவைத் திறந்து எல்லாம் அணைந்து சில நிமிடம் கழித்து அளவுங்கோ. 12.6க்கு மேல் என்றால் நல்லது, 12.2க்குக் கீழே என்றால் பாதிக்கு இறங்கிவிட்டது. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடக்கூடாது, அது உயர் அழுத்தம். மாற்றுவதென்றால் வாயுவை வெளியே விடும் குழாய் பொருந்துகிற, அமிலம் சிந்தாத ஏ.ஜி.எம். வகைதான். ஆட்கள் இருக்கும் அறைக்குள் சாதாரண அமிலப் பற்றரி வைக்கக்கூடாது.

2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில், எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வரும்வரை எத்தனையோ கார் கிழமைக்கணக்கில் அசையாமல் நின்றது. அப்போது அடிபட்ட பற்றரிகள் பிறகு ஒவ்வொன்றாக விழுந்தன. 'சாவி பழுது' என்று என் மேசைக்கு வந்தவற்றில் நல்லதொரு பங்கு அந்தப் பற்றரி.

ஆகஸ்ட் 24, பகல் 1.15

12.7 காட்டுகிறதாம். ஆகவே பற்றரி இல்லை.

வீட்டில் மட்டும், அதுவும் பகலில் மட்டும் என்று இப்போது சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். கார் நிற்கிற கொட்டகைச் சுவரில் சோலார் இன்வேர்ட்டர் இருக்கிறதா?

ஆகஸ்ட் 24, இரவு 8.30

இருக்கிறது, கார்க் கதவிலிருந்து எட்டித் தொடலாம் என்கிறார்.

முதல் நாள் எழுதினதைத் திரும்பப் பாருங்கோ: கைபிடியைத் தொட்டால் கார் தாழ்ந்த அலைவரிசையில் கூப்பிடும். அது 130 கிலோஹேர்ட்ஸ் அளவு, ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரத்துக்குத்தான் கேட்கும். இன்வேர்ட்டர், மலிவான எல்.ஈ.டி. லைற், போன் சார்ஜர் எல்லாம் உள்ளே வேகமாக சுவிட்ச் பண்ணுகிறவை, அவற்றின் இரைச்சல் அந்தப் பக்கத்தில் வந்து விழும். சாவிக்குக் காரின் குரல் கேட்காது. திருவிழா லவுட்ஸ்பீக்கருக்குக் கீழே நின்று ஒருவர் காதோடு கதைப்பது போல. பட்டன் அமத்தினால் வேலை செய்வது, அது வேறு அலைவரிசையில் நேரே போவதால். இரவில் வேலை செய்வது, வெயில் இல்லாமல் இன்வேர்ட்டர் ஓய்வதால்.

நாளைக்குப் பகலில் காரை கொட்டகைக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நிறுத்திப் பாருங்கோ.

ஆகஸ்ட் 25, மாலை 4.00

திறந்துவிட்டது. கார் அப்படியே, சாவி அப்படியே. இரண்டு பேர் இரண்டு திருத்தத்துக்கு அனுப்பிய காருக்குத் தேவைப்பட்டது தடித்த பற்றரியும் நான்கைந்து அடி இடமும்.

இதை வைத்து இன்னொரு சோதனையும் சொல்லிவிடுகிறேன். சாவியைப் போனோடு ஒரே சேர்ட் பொக்கற்றில் வைப்பவர்கள் முதலில் பிரித்து வைத்துப் பாருங்கோ. டொயோட்டா கையேட்டிலேயே போன், கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

செப்ரெம்பர் 6, இரவு 10.05

முல்லைத்தீவுக் கடலில் சாவியோடு இறங்கிய தம்பிக்கு: அரிசிக்குள் போட்டிருக்கிறாய். வெளியே எடு. அரிசி உப்பை உறிஞ்சாது. சாவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையைத் தின்பது தண்ணியை விட உப்புத்தான், அதுவும் பற்றரி உள்ளே இருந்தால் மணிக்கணக்கில் செப்புப் பாதையைப் பச்சையாக்கிவிடும்.

பற்றரியைக் கழற்று. பலகையைக் கோதிலிருந்து எடு. பெற்றோல் செட்டில் கார் பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடித்த தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கி, அதில் மெல்லக் கழுவு. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணி வேண்டாம், கல்சியம் படியும். பிறகு பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பழைய பல்துலக்கியைத் தொட்டுத் துடை. நிழலில், காற்றில் ஒரு நாள் முழுதும் காயவிடு. காரின் டாஷ்போர்டு வெயிலில் வைக்காதே. மண்ணெண்ணெயால் கழுவலாம் என்று யாராவது சொல்லுவார்கள், றப்பர் பட்டன் ஊதிப்போகும்.

குளத்தில் விழுந்ததென்றாலும் இதே முறைதான், இவ்வளவு அவசரமில்லை.

செப்ரெம்பர் 7, காலை 6.45

தம்பி கோது மாற்றப் போகிறானாம். பொறு. சாவி வைத்துத் திருப்பிற மடிப்புச் சாவி என்றால், களவுத் தடுப்பு சிப் சில மொடல்களில் பலகையில் இருக்காது. கோதின் ஓரத்தில் தனியாக, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டாகச் செருகியிருக்கும். பழைய கோதை எறிந்தால் அதுவும் போகும். பிறகு றிமோட்டில் கதவு திறக்கும், எஞ்சின் பிடிக்காது. அப்படி வந்தவர்களைப் பழைய கோதைத் தேடக் குப்பைக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒக்ரோபர் 2, இரவு 9.40

புதுச் சாவி பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஒரு சாவி வேலை செய்யும்போதே இரண்டாவதைச் செய்யுங்கோ. இருக்கிற சாவியை வைத்து இன்னொன்றைப் பதிவது சின்ன வேலை. ஒன்றுமே இல்லாமல் தொடங்குவது பெரிய வேலை, காசும் பல மடங்கு, காரை ஏற்றி இறக்கும் கூலி வேறு. ஒட்டுசுட்டானில் நிற்கிற காரை வவுனியாவுக்கு ஏற்றிப் போவதை நினைத்துப் பாருங்கோ.

ஒன்லைனில் 'அக்வா சாவி' என்று பார்த்து வாங்கும் முன் அலைவரிசையைக் கேளுங்கோ. யப்பானில் ஓடிய கார்களின் சாவி பெரும்பாலும் 312 முதல் 315 மெகாஹேர்ட்ஸ். ஐரோப்பாவுக்குச் செய்தது 433.92. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு, கார் மட்டும் கேட்காது. யப்பான் காரின் றேடியோவும் இப்படித்தான், அங்கே எப்.எம். முன்பு 76இலிருந்து 90 வரைதான் இருந்தது என்பதால் எங்கள் 100க்கு மேலுள்ள நிலையங்கள் பிடிக்காமல் ஒரு மாற்றிப் பெட்டி போட்டிருப்பீர்கள். அது காற்றலையில் நாட்டுக்கு நாடு வைத்திருக்கும் எல்லை.

பாவித்த டொயோட்டா ஸ்மார்ட் கீயை மலிவாக வாங்க வேண்டாம். ஒரு காருக்குப் பதிந்தது இன்னொன்றுக்கு அப்படியே ஏறாது, அதற்கென்று கருவி உள்ளவர் திறந்துவிட வேண்டும்.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பதியும் வீடியோ முறைகளில் கவனம். ஹொண்டா போன்ற சிலவற்றில் புதிதாகப் பதியத் தொடங்கினால் பழைய றிமோட் எல்லாம் அழியும். இருக்கிற எல்லாச் சாவியையும் அதே தடவையில் சேர்த்துப் பதிய வேண்டும்.

ஒக்ரோபர் 3, காலை 7.30

பிள்ளை பட்டனை விளையாட்டாக அமத்தி அமத்திச் சாவி ஒத்துப்போகாமல் போகுமா என்று மல்லாவி ரீச்சர் கேட்கிறார். போகும் ரீச்சர். ஒவ்வொரு அமத்தலுக்கும் சங்கேதம் மாறும், கார் அதை எண்ணிக்கொண்டு வரும். கீலொக் என்ற பரவலான முறையில் 16 அமத்தல் முந்திப் போனாலும் கார் ஏற்கும். அதையும் தாண்டினால் காருக்குப் பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு தரம் அமத்தினால் எண்ணிக்கையைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். முதலில் அதைச் செய்து பாருங்கோ.

டொயோட்டாவின் சில சாவிகளில் இன்னொன்று உண்டு: பூட்டும் பட்டனை அமத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இரண்டு தரம் அமத்தினால் பற்றரி சேமிப்பு நிலைக்குப் போய்விடும், லைற் நான்கு தரம் மினுக்கும். பிறகு கைபிடிக்குப் பதில் சொல்லாது. ஏதாவது ஒரு பட்டனை அமத்தினால் பழைய நிலைக்கு வரும்.

நவம்பர் 16, இரவு 8.20

மாங்குளத்திலிருந்து மறுபடியும். இரண்டாவது சாவி செய்துவிட்டார், முள்ளியவளையில் அக்கா வீட்டில் வைக்கப்போகிறார். பற்றரியைக் கழற்றி வைத்தால் பதிவு அழியுமா என்று கேட்கிறார்.

அழியாது. பதிவு மின்சாரம் இல்லாமலே நிற்கும் நினைவகத்தில் இருக்கிறது. மாரியில் ஈரம் கூட, பற்றரி ஒழுகிக் கெடுப்பதை விடக் கழற்றி வைப்பது நல்லது. 1632 ஒன்றை அட்டை பிரிக்காமல் அதே உறைக்குள் போட்டு, அக்காவிடம் கொடுக்கும்போது உறையில் பேனையால் எழுதிவிடுங்கோ, + எழுதிய பக்கம் எங்கே பார்க்க வேண்டும் என்று. கோதைத் திறந்தால் உள்ளே குறி இருக்கும்.